ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள்



மண்ணச்சநல்லூர் என்றதும் அரிசி ஆலைகள்தான் ஞாபகம் வரும். அங்கே அவித்துக் காயவைத்த நெல்லை வயலில் தூவினால் முளைக்குமா? முளைக்காது. விதைநெல் வேறு. அது சேற்றில் புதைந்து, தன் உருவம் அழிந்தால்தான் நாற்று. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் உயிர்த்தெழுதலை விளக்க எடுத்துக்கொண்டதும் விதையைத்தான். நம்ம ஊர் விவசாயிக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உயிர்த்தெழுதல் என்றதும் திருச்சியில் நடந்த ஒரு மரணம் நினைவுக்கு வருகிறது. 1826 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் தஞ்சாவூரில் பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3 காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். அது முடிந்து குளிக்கப் போனவர், தண்ணீரிலேயே இறந்துபோனார். வயது 42.

ஈஸ்டர் பிரசங்கம் செய்து எட்டே நாள்! கேலி பேசுகிறவர்களுக்கு இது போதும். ஆனால், சாவே வராது என்று உயிர்த்தெழுதல் நம்பிக்கை எங்கேயும் சொல்லவில்லை. சாவோடு கணக்கு முடிந்துவிடாது என்றுதான் சொல்கிறது. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

விதையின் கதை ஒரு கல்லூரிக்கும் பொருந்தும். ஹீபர் பெயர் தாங்கிய திருச்சிக் கல்லூரி 1934-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு இணைந்து இங்கே இல்லாமல் போனது. 1966-இல் அதே பெயரில் மறுபடி தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது.

ஹீபரை அடக்கம் செய்த இடம் திருச்சி புனித யோவான் ஆலயம். அந்தப் பக்கம் போனால் ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.