அறிவுள்ள பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

(காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற திங்களில் நெசவாளர் ஒருவர் தம் ஐந்து அகவை மகளுடன் என் இல்லம் வந்தார். தந்தை தறியில் அமர்ந்திருக்கையில் அருகிருக்கும் அக்குழந்தை, கரையில் வரும் அன்னங்களை எண்ணி, இன்னும் எத்தனை வந்தால் சேலை முடியும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவாளாம். "பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப் போனேன் ஐயா! ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார்கள். இவள் வாய் திறக்கவில்லை. பிள்ளைக்கு அறிவு மட்டு என்றார்கள். நன்கொடை கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். வீட்டு நகையை அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் தமிழ்வழிக் கல்வியின் மேன்மையை விரித்துரைக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டவர், இறுதியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, உங்கள் மகனை எங்கே படிக்க வைத்தீர்கள்?"

தோழர்களே! நான் தலைகுனிந்தேன். மேடைதோறும் தமிழ் முழங்கிய நான், என் மகனை ஆங்கில வழிப் பள்ளியிலேதான் சேர்த்தேன். இன்று அவன் நல்ல பணியில் இருக்கிறான். நான் எழுதிய நூலைப் படிக்க இயலாதவனாகவும் இருக்கிறான். அந்த இழப்பை அறிந்தவன் என்ற ஒரே தகுதியோடுதான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

ஆங்கிலத்தில் விடை சொல்லாத பிள்ளை அறிவில்லாத பிள்ளையா? 1887-இல் பிறந்த கணக்கு மேதை இராமானுசனின் தாய்வழிப் பாட்டனார் நம் காஞ்சியில் வழக்குமன்றப் பணியில் இருந்தவர். அதனால் அச்சிறுவன் சிறிதுகாலம் இவ்வூர்ப் பள்ளியிலும் பயின்றான். தந்தையோ குடந்தையில் துணிக்கடைக் கணக்கர். 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வனாக வந்தான். பின்னர்க் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தமையால் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்றார், உதவித்தொகையும் பறிபோயிற்று. உலகம் வியந்த பேரறிவை, ஓர் அயன்மொழித் தேர்வு வாயிலுக்கு வெளியே தள்ளியது! இன்று அதே வாயிலில் ஐந்து அகவைக் குழந்தையை நிறுத்துகிறோம்.

தமிழ்வழியில் படித்தால் உயர முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. குமரி மாவட்டத்து உழவர் குடியிற் பிறந்த சிவன், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். அவரே 2018-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காக நன்கொடை பெறுவதையும் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்துவதையும் தடை செய்கிறது. 29-ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்கிறது. ஆனால் 2014-இல் கருநாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தொடக்கக் கல்வியில் தாய்மொழியை அரசு கட்டாயமாக்க இயலாது, தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருடையது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பொறுப்பு முழுவதும் நம் தோள்மேல் வந்து விழுந்துவிட்டது.

அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது? பள்ளியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கழுத்துப் பட்டையைப் பார்க்காதீர்கள். மூன்றை மட்டும் பாருங்கள். குழந்தை தனக்குத் தோன்றிய ஐயத்தைத் தன் மொழியில் அச்சமின்றிக் கேட்க அங்கே இடமுண்டா? அன்று கற்றதை மாலையில் தாயிடம் விளக்கிச் சொல்ல அவளால் இயலுமா? தறியை அடகு வைக்காமல் அக்கட்டணத்தைக் கட்ட உம்மால் இயலுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் நல்ல பள்ளியே. அம்பத்தூரிலும் திண்டிவனத்திலும் உணர்வாளர்கள் தொடங்கிய தாய்த்தமிழ்ப் பள்ளிகளும் தனியார் முயற்சியே அல்லவா?

ஆங்கிலம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. கோர்வைச் சேலை நெய்பவர்கள் நீங்கள். உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இழைக்கு இழை பூட்டுவதால் இரண்டும் பிரியாமல் நிற்கின்றன. ஆனால் உடலை விட்டுவிட்டுக் கரையை மட்டும் நெய்து சேலை என்று விற்க இயலுமா? தாய்மொழி உடல், பிறமொழி கரை. ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பியுங்கள்; அறிவை மட்டும் தமிழில் ஊட்டுங்கள்.

அந்த நெசவாளர் இன்னும் முடிவெடுக்கவில்லை. மகளோடு இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வெறுஞ்சொல் போதாது. அக்குழந்தையைத் தமிழ்வழியில் சேர்த்தால், மாலைதோறும் ஆங்கிலத்தைக் கட்டணமின்றி நானே சொல்லித்தருவேன் என்று உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். தமிழுணர்வு கொண்ட ஆசிரியர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் ஒரு குழந்தைக்கேனும் இவ்வாறு துணைநிற்க வேண்டுகிறேன். இதைச் செய்யாமல், பெற்றோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்வழிக் கல்வி!