ஓடில்லா நத்தையும் வகுப்புப் பிரிவினையும்

(மண்ணரையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலோரத்து ஓடில்லா நத்தையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். பனியன் தைக்கும் ஊரில் கடல் நத்தைக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆனால் இப்பிராணிக்கு முதலில் பெயர் வைத்தவர் நம் கொங்குச் சீமையில் சுற்றியவர். நம்மைப் பற்றியும் எழுதியவர்.

திப்பு வீழ்ந்த மறு வருஷம், அதாவது 1800-இல், பிரான்சிஸ் புகானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கம்பெனியார் உத்தரவின்பேரில் மைசூர், கோயமுத்தூர், மலையாளம் ஆகிய சீமைகளைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். நிலம், பயிர், தறி, வரி எல்லாம் விசாரித்தார். எந்த ஜாதியார் யாருக்குக் கீழ், யார் யாருடன் உண்ணார் என்பவற்றையும் அவரவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார். 1807-இல் அது புஸ்தகமாயிற்று.

அதே 1800-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அவருடைய வேறொரு கட்டுரையும் அச்சாயிற்று. வங்காளத்தில் சம்பங்கோரை இலைமேல் ஊர்ந்த ஒரு பிராணிக்கு ஆன்கிடியம் என்று பெயரிட்டு, அதைப் புழு வகுப்பில் சேர்த்திருந்தார். முதுகெலும்பும் இல்லாமல் பூச்சியும் அல்லாததையெல்லாம் புழு என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது அக்கால வழக்கம்.

இது கடற்பிராணியா, தரைப்பிராணியா என்றால் இரண்டுக்கும் நடுவே நிற்பது. அலையாத்திக் காட்டுச் சேற்றிலும், அம்மரங்களின் வேரிலும், கடலோரப் பாறையிலும் இக்குடும்பத்தவை வாழ்கின்றன. பிச்சாவரம், முத்துப்பேட்டை பக்கம் போனவர்கள் அத்தகைய சேற்றைப் பார்த்திருப்பீர்கள். நீர் வற்றினால் வெளியே வந்து மேயும்; நீர் ஏறுமுன் ஒளியும். சுவாசிப்பது காற்றை. பெரும்பாலானவற்றில் குஞ்சு மாத்திரம் சிறு ஓட்டுடன் கடல்நீரில் நீந்தி, பிறகு ஓட்டை உதறிவிடுகிறது. பெர்முடாத் தீவில் இக்குடும்பத்து நத்தைகள் பல ஒரே பொந்தில் கூடியிருந்து, நீர் வற்றியதும் கிளம்பி மேய்ந்து, பிசகாமல் அதே பொந்துக்குத் திரும்புவதை ஏரி, குரோசியர் என்ற இரு ஆராய்ச்சியாளர் 1921-இல் எழுதினார்கள். பிலிப்பைன்ஸ், போர்னியோ மலைக்காடுகளில் கடலையே துறந்துவிட்ட இனங்களும் உண்டு.

தலைக்கொம்பில் இரண்டு கண் போதாதென்று இவற்றில் பலவற்றுக்கு முதுகிலும் கண்கள்! நம் கண்ணில் போலவே அக்கண்ணிலும் நரம்பு விழித்திரையைத் துளைத்துச் செல்வதை ஜெர்மானியரான கார்ல் செம்பர் 1877-இல் விவரித்தார். மனிதக் கண்ணின் வேலைப்பாட்டைக் காட்டிக் கடவுளை நிரூபிக்கும் பிரசங்கிகள் இந்த முதுகையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

நிற்க. வகுப்பு விஷயத்துக்கு வருவோம். 1804-இல் பாரிஸில் கூவியே என்ற அறிஞர் இக்குடும்பத்துப் பிராணி ஒன்றை அறுத்துப் பார்த்து, இது நத்தை வர்க்கம் என்றார். நுரையீரல் நத்தைகளோடு சேர்த்தார்கள். 1943-இல் வெரா பிரெட்டர் என்ற ஆங்கிலேய அம்மையார் உடலமைப்பையும் கருவளர்ச்சியையும் ஆராய்ந்து, கடலிலேயே வாழும் நத்தைகளுக்குத்தான் இது கிட்டிய உறவு என்றார். பின்னர் மரபணுவைப் படிக்கும் முறை வந்தது. மறுபடி நுரையீரல் நத்தைகளின் கூட்டத்துக்கே திரும்பிற்று. 2016-இல் டேரா என்பவரும் இந்தியர் உள்ளிட்ட பலரும் கூடிச் சோதித்து, புகானன் வைத்த பெயருக்கு உரியவை மூன்றே இனங்கள் என்றனர். அப்பெயரில் கிடந்த மற்றவை வேறிடம் போயின.

இத்தனை மாற்றத்திலும் எந்த நத்தைக்கும் தீட்டு வரவில்லை. புகானன் எழுதிய பிராணி வகுப்பு நாலே வருஷத்தில் திருத்தப்பட்டது. அவர் கேட்டெழுதிய மனித வகுப்போ இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் கல்யாணத்திலும் சுடுகாட்டிலும் நிற்கிறது. அதை அறுத்துப் பார்த்தது யார்? எந்த உறுப்பு வேறாயிருந்தது? ஒரே மேஜையில் பனியனை மடிக்கிறோம். சாயப்பட்டறையில் எல்லார் கையிலும் ஒரே சாயம் ஏறுகிறது. வேலை முடிந்து வாடகைக்கு வீடு தேடிப் போனால், முதலில் பெயரைக் கேட்கிறான், பிறகு ஊரைக் கேட்கிறான், அப்புறம் “ஊரில் எந்தத் தெரு?” என்கிறான். நத்தைக்குக்கூட இவ்வளவு விசாரணை நடந்ததில்லை. நடந்த விசாரணையும் அதன் உடம்பைப் பற்றியது, தெருவைப் பற்றியதல்ல.

இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொல்லும் சயன்ஸை நம்புவதெப்படி என்று சில பண்டிதர்கள் கேட்கிறார்கள். இப்பிராணியில் ஆண் வேறு, பெண் வேறு என்றும் புகானன் எழுதியிருந்தார். பின்வந்தவர்கள் பார்த்தபோது ஒவ்வொன்றின் உடலிலும் இரண்டு உறுப்பும் இருந்தன. புகானன் தவறினார் என்று பகிரங்கமாக அச்சிட்டார்கள். யாரும் அவர்களை நாஸ்திகர் என்று சொல்லவில்லை. புகானன் பெயரும் அப்பிராணியை விட்டுப் போகவில்லை. மனு எழுதியதில் ஒரு வரி பிசகு என்று அப்பண்டிதர்கள் எங்கேனும் அச்சிட்டிருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்; இந்தப் பத்திரிகையிலேயே வெளியிடுகிறோம்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் எழுந்து கேட்கலாம்.