குண்டை உருக்கிய பென்சில்

(சங்க விழாவில் ஆற்றிய உரை)



சிவில் என்ஜினீயர் மேடை ஏறினால் சிமெண்ட் விலையைத்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் உங்களை எகிப்துக்கு அழைத்துப் போகிறேன்.

1798 ஜூலையில் நெப்போலியன் பெரும் படையோடு அலெக்சாந்திரியா அருகே இறங்கினார். பீரங்கிகளோடு சுமார் 160 அறிஞர்களும் பொறியாளர்களும் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நம்ம ஆட்கள்: ழொல்வா, வில்லியே. வில்லியேவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. படிப்பின் கடைசித் தேர்வையே கெய்ரோவில்தான் முடித்தார்!

1799-ல் ஜிரார் என்ற தலைமைப் பொறியாளரோடு, நைல் நதியின் பாசன விவரங்களைச் சேகரிக்க இருவரையும் மேல் எகிப்துக்கு அனுப்பினார்கள். தெந்தேரா கோயிலைப் பார்த்தவர்களுக்குக் கால் நகரவில்லை. ஆற்று வேலையோடு கோயில்களையும் அளந்து வரைய ஆரம்பித்தார்கள். ஜிராருக்குப் பிடிக்கவில்லை, கண்டித்தார். மேலதிகாரி எந்த நாட்டிலும் மேலதிகாரிதானே! பென்சில் தீர்ந்துபோனபோது துப்பாக்கிக் குண்டின் ஈயத்தை உருக்கிப் பென்சில் செய்துகொண்டார்கள் என்பார்கள்.

அதற்காக அந்தப் படையெடுப்பைப் புகழ முடியாது. 1798 அக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அல்-அஸ்ஹர் மசூதி மீதே பீரங்கியால் சுட்டார்கள். அந்த ஊர் வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி, பிரெஞ்சு அறிஞர்களின் நூலகத்தைப் பார்த்து வியந்தும் எழுதினார். படையினர் செய்ததைக் கண்டித்தும் எழுதினார். இரண்டும் உண்மைதான். 1801-ல் அந்தப் படை சரணடைந்து ஊர் திரும்பியது.

அப்புறம் மிஞ்சியது என்ன? அளவுகள். எலிபன்டைன் தீவில் மூன்றாம் அமென்ஹோதேப் கட்டிய ஒரு சிறு கோயிலை அந்தக் குழுவினர் அளந்து வரைந்திருந்தார்கள். 1822-ல் கல்லுக்காக அதை இடித்துவிட்டார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற கோயில் இன்று காகிதத்தில்தான் நிற்கிறது.

பழைய கட்டிடத்தில் வேலை என்றால் நாம் முதலில் டிராயிங் கேட்கிறோம். "அதெல்லாம் கிடையாது சார், இடிச்சுடுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். இடிக்காமல் தடுப்பது நம் கையில் இல்லாமல் போகலாம். இடிப்பதற்கு முன்னால் இரண்டு நாள் டேப் பிடித்து அளந்து, வரைந்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. பில்லில் வராத வேலைதான்; மேலதிகாரி முகம் சுளிக்கவும் செய்யலாம். இருந்தாலும் செய்யுங்கள், தம்பி தங்கைகளே. பின்னால் வருகிறவனுக்கு அந்த ஒரு தாள்தான் கட்டிடம்.