மோதிரம் வாங்குமுன்...

(ஹைதராபாத் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கோல்கொண்டாவில் வைரம் விற்ற ஊரில் இருக்கிறோம். ஆனாலும் மாப்பிள்ளைக்கு மோதிரம் வாங்கியபோது நான் ஏமாந்தேன். ஒரு கடையில் கல்லின் எடையையும் தங்கமாகவே கணக்கிட்டிருந்தார்கள். பி.எஸ்ஸி. படித்தவனுக்கு பில்லைப் படிக்கத் தோன்றவில்லை!

தங்கத்தில் காரட் என்பது தரம்; வைரத்தில் எடை. 1 காரட் 200 மில்லிகிராம். கல் எடையைக் கழித்தே தங்கத்துக்குப் பணம் கொடுங்கள். 22 காரட்டுக்கு 916, வைரம் பதிக்க ஏற்ற 18 காரட்டுக்கு 750 முத்திரை. 2023 ஏப்ரல் முதல் 6 இலக்க ஹால்மார்க் அடையாளமும் கட்டாயம், பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கார்பன்தான்; விலையோ மிகக் குறைவு. எந்த வைரம் என்று சான்றிதழில் பாருங்கள்.

மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை; கூச்சம். அன்று கடையில் கேட்கவும் அதே கூச்சம்தான். நீங்களாவது கேளுங்கள்.