கிணற்றுத் தண்ணீருக்கும் கணக்கு வேணும்



கள்ளக்குறிச்சிப் பக்கம் நிலக்கரிச் சுரங்கமே இல்லையே, அதைப் பற்றி நமக்கு எதுக்குப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம்ம கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் ஒன்று சேர்ந்து, விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றில் கலக்கின்றன. வெள்ளாறு அடுத்து சேத்தியாத்தோப்பைத் தொடுகிறது. அதற்கு வடக்கே இருப்பதுதான் நெய்வேலி. சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே இன்னொரு சுரங்கம் தோண்டவும் 2023-ல் ஏலப் பட்டியலில் இடம் குறித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த ஆண்டு ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். நம்ம ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்துச் சேதி இது. உங்களில் பலருக்கு அங்கே சொந்தபந்தமும் உண்டு.

நெய்வேலியில் 1957-ல் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணல் அடுக்கு இருக்கிறது. அதில் தண்ணீர் சும்மா நிற்கவில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே தள்ளுகிறது. இது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தக்கூடிய வேகம். மேலே உள்ள மண் பாரத்தை எடுத்துவிட்டால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு தண்ணீர் பொங்கிவிடும். அதனால் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இராப்பகலாக இறைக்கிறார்கள். இப்படி இறைக்கும்போது சுற்று வட்டாரத்திலும் அழுத்தம் குறைகிறது. குழாய்க் கிணற்றில் மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டி வருகிறது.

இறைத்த தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல முடியாது. வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்குப் பாய்கிறது. ஆனால் அதில் என்ன கரைந்திருக்கிறது என்பதும் முக்கியம். 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து, நெய்வேலிப் பக்கத்துத் தண்ணீரில் பாதரசம் போன்றவை அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை வெளியிட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. குடிதண்ணீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. அதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. பரிசோதனை ஒன்றுதான் வழி.

சரி, விவசாயி என்ன செய்யணும்? மூன்று வேலைதான்.

முதலாவது, நீர்மட்டம். கிணற்றுக் கட்டில் ஓர் இடத்தில் வண்ணம் பூசி அடையாளம் வையுங்கள். இரவு முழுக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, காலையில் அதே அடையாளத்திலிருந்து நாடாவால் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு தடவை அளக்கிறது. நீங்கள் மாதம் ஒரு தடவை அளந்தால் இன்னும் நல்லது. மோட்டார் உள்ள ஆழ்குழாயில் கயிறு விடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். திறந்த கிணறே தோது.

இரண்டாவது, மழை. மழைக் கணக்கு இல்லாத நீர்மட்டக் கணக்கு அரைக் கணக்கு. பக்கத்து மழைமானியின் அளவையும் அதே நோட்டில் குறியுங்கள்.

மூன்றாவது, தரம். ஓடையாக இருந்தால் சுரங்கத் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு புட்டி எடுக்கணும். கிணறானால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எடுக்கணும். புட்டியை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி, ஊர், தேதி எழுதி ஒட்டி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பாசனத் தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும், குடிதண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலும் பார்ப்பார்கள். பாதரசம் போன்றவற்றைப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே கேளுங்கள். அதற்குப் புட்டியே வேறு.

இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது? சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிணறும், அதே வகை மண்ணில் தூரத்தில் உள்ள கிணறும் சேர்ந்து இறங்கினால், மழைக் குறைவாக இருக்கலாம். மழை சரியாகப் பெய்தும் பக்கத்துக் கிணறு மட்டும் இறங்கினால், கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நடுவில் யாராவது புது ஆழ்குழாய் போட்டார்களா என்பதையும் விசாரியுங்கள். அவசரப்பட்டு யார் மேலும் பழி போட வேண்டாம்.

கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அனுமதி பெற்ற சுரங்கங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கையாகத் தரவேண்டும். அது பொது ஆவணம். அதில் உள்ள கணக்கையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தோண்டுவதற்கு முன்னால் எழுதிய கணக்குக்குத்தான் மதிப்பு அதிகம். கிணறு வற்றிய பிறகு, "முன்னே நிறையத் தண்ணீர் இருந்துச்சு" என்றால் எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார். எத்தனை அடி, எந்தத் தேதி என்றுதான் கேட்பார். கல்குவாரி, சேகோ ஆலை பக்கத்தில் உள்ள நம்ம ஊர்க் கிணறுகளுக்கும் இதே முறை பொருந்தும். ஊருக்கு ஐந்து கிணற்றைத் தேர்ந்தெடுத்து, படித்த பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, இந்த மாதமே ஆரம்பியுங்கள்.