பரணில் கிடக்கும் குரல்கள்

(பொன் விழா மாலைக் கூட்டத்தில் பங்கு இளைஞர் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

விழா மலருக்குப் பழைய நிழற்படங்களைத் திரட்டும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டது. வீடு வீடாகச் சென்றோம். நிழற்படத்தோடு பலர் ஒரு வீடியோ காசெட்டையும் எடுத்துக் கொடுத்து, “போட்டுப் பார்க்க எங்களிடம் பெட்டி இல்லை தம்பி, உங்களால் முடிந்தால் பாருங்கள்” என்றார்கள். இப்படி 39 காசெட்டுகள் சேர்ந்துவிட்டன. திருமணம், புதுநன்மை, தேர்ப்பவனி, இடிக்கப்பட்ட பழைய கோவிலின் முகப்பு எல்லாம் அவற்றுக்குள்தான் இருந்தன.

வீடியோ நாடா என்பது மெல்லிய பாலியஸ்டர் சுருள். அதன்மேல் பூசிய காந்தத் துகள்களில்தான் படமும் ஒலியும் பதிந்துள்ளன. நம் ஊர் ஈரக்காற்றில் அது பூஞ்சை பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காந்தப் பதிவும் மங்கும். ஓட்டும் கருவிக்கும் தட்டுப்பாடுதான். ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையை வெளியிட்டது 1976இல். அதற்கான வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று பழுதுபார்த்த பழைய பெட்டிதான் கதி.

வேலை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். வி.சி.ஆரிலிருந்து படத்துக்கு மஞ்சள் வயர், ஒலிக்கு வெள்ளை, சிவப்பு வயர்கள். இவை விரல் நீளக் கருவி ஒன்றில் சேர்ந்து வீட்டுக் கணினிக்குள் போகும். 3 மணி நேரக் காசெட் என்றால் 3 மணி நேரமும் ஓடியே தீர வேண்டும்; குறுக்கு வழி கிடையாது. நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து! (எத்தனை முறை போயிற்று என்று கேட்காதீர்கள்.) பிறகு அதைச் சுருக்கி டி.வி.டி. தட்டில் எழுதுவோம். 4.7 ஜி.பி. கொண்ட தட்டில் சுமார் 2 மணி நேரப் படம் நல்ல தரத்தில் அடங்கும்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு காசெட்டின் கண்ணாடி வழியே வெள்ளைப் பொடி போலத் தெரிந்தது. தூசி என்று எண்ணி உள்ளே போட்டுவிட்டோம். அது பூஞ்சை. நாடா சிக்கி அறுந்தது; அடுத்துப் போட்ட காசெட்டிலும் படத்துக்குப் பதில் வெள்ளைப் புள்ளிகளே தெரிந்தன. நம் பங்கைச் சேர்ந்த பழைய டி.வி. மெக்கானிக் ஒருவர்தான் சுழலும் தலைப்பகுதியை ஆல்கஹாலால் துடைத்துச் சரிசெய்து, நாடாவையும் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிய இடத்தில் சில நொடிகள் போனது போனதுதான். அந்தக் குடும்பத்தாரிடம் இங்கேயே மீண்டும் மன்னிப்புக் கேட்கிறோம்.

ஒரு பாட்டி தம் மகளின் திருமணக் காசெட்டைக் கொடுத்திருந்தார். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் குரலை ஒருமுறை கேட்க வேண்டும் என்பதே ஆசை. ஓட்டிப் பார்த்தோம். படம் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு! பெரியவர் வாயசைக்கிறார், சிரிக்கிறார். சொல் ஒன்றும் கேட்கவில்லை. அக்காலத்து வழக்கம் அது. படமெடுத்தவர் பாட்டைச் சேர்த்தபோது பேச்செல்லாம் அழிந்துவிட்டது. பாட்டியிடம் எப்படிச் சொல்வதென்று தயங்கி நின்றோம்.

அப்போதுதான் வளைகுடாவிலிருந்து வந்திருந்த மைத்துனர் கைக்காமிராவில் எடுத்த சிறிய காசெட் ஒன்று அதே வீட்டு அலமாரியில் அகப்பட்டது. வீடியோ 8 வகை, அதை வி.சி.ஆரில் போட முடியாது, அந்த வகைக் காமிராவே வேண்டும். அதைத் தேடி இரவல் வாங்கவே மூன்று வாரம் ஆயிற்று. பாட்டு எதுவும் சேர்க்காத நாடா அது. பந்தியின் ஓரத்தில் பெரியவர் நின்று, “பிள்ளைகளுக்கெல்லாம் போட்டாச்சா? நீங்க உட்காருங்க” என்கிறார். 11 நொடிதான். பாட்டி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். நாங்களும் ஓட்டினோம்.

ஆகவே அழகாக அட்டை போட்ட திருமணக் காசெட்டோடு, பெயர் எழுதாத சிறு காசெட்டுகளையும் தேடிக் கொண்டுவாருங்கள். அவற்றில்தான் பேச்சு இருக்கிறது.

எழுதிய தட்டும் நிரந்தரமன்று. வெயிலிலும் சூட்டிலும் கெடும். எனவே ஒரு பிரதியை ஹார்டு டிஸ்க்கிலும் வைத்துத் தருகிறோம். மூல நாடாவைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று எந்தப் பெட்டியிலும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். வெள்ளைப் பொடி தெரிந்தால் தனிப் பையில் வையுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத் திண்ணையில் இருப்போம். காசெட்டின்மேல் குடும்பப் பெயரும், நினைவிருந்தால் ஆண்டும் எழுதிக் கொண்டுவாருங்கள்.