அலைகாட்டி வாங்குமுன்



சாஆ வட்டாரத் தோட்டத்து வீடுகளில், பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பழகும் பிள்ளைகள் உண்டு. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியே ஆசிலாஸ்கோப் என்னும் அலைகாட்டி. 1972-இல் ஹியூலெட் பேக்கார்டு பினாங்கில் தொடங்கிய தொழிலின் வழிவந்த கீசைட் நிறுவனம், இதை நம் நாட்டிலேயே செய்கிறது.

எதை வாங்குவது? நாம் கேட்கும் ஒலி 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். ஒலிபெருக்கி வேலைக்குச் சிறிய கருவி போதும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ பலகைக்கு அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 80 வேண்டும்; எனவே 100 மெகாஹெர்ட்ஸ் கருவியைப் பாருங்கள்.

சில கருவிகளைப் பின்னர் தரம் உயர்த்தலாம். ரைகோல் டிஎஸ்1054இசட் 50 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டது. உள்ளிருந்த சுற்றோ 100-க்குத் தகுந்தது. தடுத்தது மென்பொருள் பூட்டுத்தான். ஆகவே, சாவி எண்ணின் விலையையும் முன்கூட்டியே கேளுங்கள்.

பெற்றோரே, ஓர் எச்சரிக்கை. அலைகாட்டியின் கறுப்புக் கவ்வி நேரே எர்த்தோடு சேர்ந்தது. அதை வீட்டுக் கரண்டில் மாட்டினால் தீப்பொறி பறக்கும், உயிருக்கும் ஆபத்து. பிள்ளைகள் பேட்டரியில் ஓடும் சுற்றுகளில் முதலில் பழகட்டும். நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவும் குறையும்.